மூச்சு விட்ட பிணம்

"படம் எப்படி?" என்று நம்மிடம் கேட்கிறவர்களுக்கு, படம் எப்படி இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்பதில்லை. டிக்கெட் எடுத்தவருக்கு, எடுத்தது வீண் போகாது என்று யாராவது சொல்ல வேண்டும். எடுக்காதவருக்கு, எடுக்காமல் இருந்ததுதான் புத்திசாலித்தனம் என்று யாராவது சொல்ல வேண்டும். படத்தில் தெரிந்தவர் நடித்திருந்தால் பேச்சே இல்லை. "சூப்பர்" என்ற ஒரு சொல்லுக்கு மேல் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. இதெல்லாம் மற்றவர்களுக்குப் பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் இருபத்தேழு வயதில், ஓடுகிற பஸ்ஸில், கையில் மைக்கோடு நிற்கும்போதுதான் தெரிந்தது.

அப்போது நான் மலேசியாவில், சிரம்பானில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். (இன்றும் அங்கேதான் இருக்கிறேன். நாற்காலி மட்டும் மாறியிருக்கிறது.) திங்கட்கிழமை காலையில் என் முதல் வேலை நோயாளிகளைப் பதிவு செய்வது அல்ல, வாரக் கடைசியில் பார்த்த படத்துக்குத் தீர்ப்பு சொல்வது. டாக்டரிலிருந்து கூட்டிப் பெருக்கும் அக்கா வரை காத்திருப்பார்கள். நட்சத்திரக் கணக்கெல்லாம் எங்களிடம் கிடையாது. நல்ல படமாக இருந்தால், "சுத்தம் பண்ணினால் போதும்." சுமாராக இருந்தால், "அடைத்துவிடலாம்." மோசமாக இருந்தால், "பிடுங்கிப் போட வேண்டியதுதான்." நான் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைப்பேன். நடித்துக் காட்டச் சொன்னால் அதற்கும் தயார். 'இந்த வாய் ஒருநாள் உன்னை எங்கேயாவது கொண்டுபோய் நிறுத்தும்' என்று அம்மா திட்டுவதைக்கூட, எனக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்ற அர்த்தத்தில் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தினேஷ் அதே கிளினிக்குக்குக் கடைவாய்ப் பல் வலியோடு வந்தவன். பல் போய்விட்டது, அவன் போகவில்லை. இரண்டு வருடம் பழகினோம். என் வீட்டில் சம்மதம் வாங்கிவிட்டோம். அவன் வீட்டில் அம்மா இல்லை; சின்ன வயதிலேயே தவறிவிட்டார். அப்பாவும், அப்பாவின் தங்கை பாக்கியம் அத்தையும்தான் அவனை வளர்த்தார்கள். அப்பா மாணிக்கம், ரந்தாவுக்கு உள்ளே இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வார்த்தைக்கு மேல் பேசினால் அதற்குத் தனியாகச் சம்பளம் கேட்பார் என்று தினேஷ் சொல்வான். என்னைப் பற்றி அவரிடம் சொன்னபோது அவர் சொன்ன பதில், "பாப்போம்." சொல்லி ஏழெட்டு மாதம் ஆகியும் அவர் பார்த்தபாடில்லை.

நான் அவரை ஒரே ஒருமுறை, ஒரு கல்யாண விருந்தில், நாலு மேசைக்கு அப்பாலிருந்து பார்த்திருக்கிறேன். முறுக்கிவிட்ட பெரிய மீசை. அந்த மீசையைத் தவிர வேறொன்றும் நினைவில் நிற்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்தப் படம் வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன். அதன் இயக்குநர் இப்போது எங்கள் வீட்டுத் தீபாவளிக்கு வருகிறவர். நம் ஊர்ப் பிள்ளைகள் கைக்காசைப் போட்டு எடுத்த நம் ஊர்ப் படம். முக்கால்வாசி தினேஷின் தோட்டத்திலேயே எடுத்திருந்தார்கள். நம் ஊர்ப் படத்தைப் பற்றி இங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பார்க்க வேண்டும், கைதட்ட வேண்டும், வெளியே வந்து "நம்ம பிள்ளைங்க முயற்சி, சப்போர்ட் பண்ணணும் லா" என்று சொல்ல வேண்டும். அதற்கப்புறம் சாப்பாட்டைப் பற்றிப் பேசலாம்.

தோட்டத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பேசி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சிக்குச் சிரம்பானுக்குப் போவதாக ஏற்பாடு. தினேஷ் போன் செய்தான்.

"நீயும் வர்ற. அப்பாவே கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு."

"நெசமாவா?"

"நெசமா லா. அவரோட கொஞ்சம் பேசு. கொஞ்சம் பேசினாப் போதும், அதிகம் வேணாம். அப்புறம், அதுக்கு முன்னாடி நீ படத்தப் பாத்துடாத. ஒரு சர்ப்ரைஸ் இருக்கு."

தியேட்டரில் சர்ப்ரைஸ் என்றால் வேறு என்ன இருக்கும்? விளக்கு அணையும், மோதிரம் வரும். நான் அன்று மாலையே நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டேன். ஆனால் படத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை கிளினிக் ஆட்கள் எல்லாரும் முதல் காட்சிக்குக் கிளம்பினார்கள். தீர்ப்பு சொல்கிறவள் போகாமல் எப்படி? போனேன், பார்த்தேன், தினேஷிடம் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தினேஷ் சிரம்பானுக்குக் கார் ஓட்டி வந்து என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். அங்கிருந்து பஸ்ஸில் மறுபடியும் சிரம்பானுக்கு. (இது ஏன் என்று அப்போது கேட்டேன். கல்யாணமான பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். இந்தக் குடும்பத்தில் எல்லாமே ஒரு சுற்றுச் சுற்றித்தான் நடக்கும்.)

பஸ்ஸில் முதல் இருக்கையில் அவர் உட்கார்ந்திருந்தார். பூப்போட்ட புத்தம் புது பாத்தேக் சட்டை, கறுப்புக் கண்ணாடி, அதே மீசை. பக்கத்தில் பாக்கியம் அத்தை, மடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பை. பைக்குள் மாலை மாதிரி ஏதோ தெரிந்தது. சரிதான், மோதிரத்தோடு மாலையும் இருக்கிறது என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

"வணக்கம் அங்கிள்."

"ம். உக்காரும்மா."

இரண்டு வார்த்தை! தினேஷ் என்னைப் பெருமையாகப் பார்த்துவிட்டு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் விநியோகம் செய்யப் போனான். என் வாழ்க்கையின் முக்கியமான அரைமணி நேரத்தில் அவன் பஸ்ஸின் பின்கோடியில் சம்பல் பங்கிட்டுக்கொண்டிருந்தான் என்பதை இன்றுவரை நான் அவனுக்கு நினைவுபடுத்தத் தவறியதில்லை.

இங்கே வாடகை பஸ் என்றால் பிரேக் இருக்கிறதோ இல்லையோ, கரோக்கே மைக் இருக்கும். பயண ஏற்பாட்டைச் செய்த சேகர் அண்ணன் அதைக் கையில் எடுத்தார். கோயில் திருவிழாவில் அறிவிப்பு செய்கிறவர் அவர்தான். மைக்கைப் பிடித்தால் விட மாட்டார்.

"எல்லாரும் வந்தாச்சா? இதுல யாராச்சும் படத்த முன்னாடியே பாத்த ஆளு இருக்கீங்களா லா? இருந்தா இப்பவே எறக்கி விட்டுடுவோம்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஒரு கை மட்டும் மேலே போனது. அது என் கை என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. பழக்கம்தான் காரணம். கிளினிக்கில் யாராவது "யார் பார்த்தது?" என்றால் தானாகத் தூக்கும் கை அது.

"ஓ! நம்ம தினேஷ் வீட்டுக்கு வரப்போற பொண்ணு! வா தங்கச்சி வா, படம் எப்படின்னு ஒரு வார்த்தை சொல்லு. கதையச் சொல்லிடாத!"

மைக் கைக்கு வந்தது. முதல் இருக்கையிலிருந்து மீசை திரும்பிப் பார்த்தது. அவரோடு கொஞ்சம் பேசச் சொன்னான் அல்லவா தினேஷ், பஸ் முழுவதும் கேட்கப் பேசினால் அவருக்கும் கேட்கும்தானே என்று நினைத்தேன். அந்த வயதில் என் அறிவு அப்படித்தான் வேலை செய்தது.

கதாநாயகனிலிருந்து ஆரம்பித்தேன். "ஹீரோ நல்லா உழைச்சிருக்காரு. ஆனா காதலிக்குப் பூ குடுக்கறப்பவும் அதே மொகம், வில்லன அடிக்கறப்பவும் அதே மொகம். எப்ப யாருக்குப் பூ, யாருக்கு அடின்னு நமக்கே பயமா இருக்கு." பஸ் சிரித்தது. எனக்குச் சூடு பிடித்தது. "கேமராமேனுக்கு மனுசங்களவிட செம்பனை மரம்தான் புடிச்சிருக்கு. சுத்திச் சுத்தி அதையே காட்டுறாரு. அந்த மரத்துக்கு ரெண்டு வசனம் குடுத்திருந்தா ஹீரோவத் தூக்கிச் சாப்பிட்டிருக்கும்."

பஸ் குலுங்கியது. பாக்கியம் அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் இருக்கையில் அந்தப் பாத்தேக் தோள்கள் மேலும் கீழும் ஆடின. சிரிக்கிறார்! ஏழெட்டு மாதமாக "பாப்போம்" என்று இருந்தவர் என்னால் சிரிக்கிறார்! அந்த நொடியில் நான் மைக்கை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால், என் கல்யாணம் அன்றே நிச்சயமாகி, நானும் ஒரு மரியாதையான மருமகளாக வாழ்ந்திருப்பேன்.

ஆனால் கிளினிக்கில் எல்லாரையும் விழுந்து விழுந்து சிரிக்க வைத்த காட்சியை நான் இன்னும் சொல்லவே இல்லையே!

"இதெல்லாம் போகட்டும். ஒரு சாவு வீட்டு சீன் இருக்கு பாருங்க. ஹீரோவோட தாத்தா செத்துக் கெடக்காரு. ஹீரோ மேல விழுந்து அழுவுறாரு. நான் ஹீரோவப் பாக்கவே இல்ல. பொணத்தோட வயித்தத்தான் பாத்தேன். ஏறுது, எறங்குது. ஏறுது, எறங்குது. பக்கத்துல எங்க டாக்டர் இருந்தாரு. டாக்டர், இவருக்கு இன்னும் நேரம் இருக்கு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம்னு சொன்னேன்!"

ஒரே ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். அது பஸ் டிரைவர். பகாவிலிருந்து வந்தவர், தோட்டத்து ஆளே இல்லை.

மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சரியாகக் கேட்கவில்லை போலும் என்று நினைத்தேன். பஸ்ஸின் பின்கோடியில் தினேஷ் பெட்டியோடு நின்று ஒரு கையை வேகமாக ஆட்டினான். சத்தமாகச் சொல் என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். கழுத்தில் விரலை வைத்து இழுத்துக் காட்டினான். சாவு வீட்டு சீனை நடித்துக் காட்டச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

நடித்தேன். இருக்கையின் முதுகில் சாய்ந்து, கண்ணை மூடி, வயிற்றை உப்பி உப்பி இறக்கினேன். மூக்குக்கு நேராக மைக்கை வைத்து, "புஸ்ஸ்... புஸ்ஸ்..." என்று மூச்சு விட்டேன். பஸ்ஸின் எல்லா ஒலிபெருக்கியிலும் பிணம் மூச்சு விட்டது. டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் பொணத்த எங்க கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க, பல்லு புடுங்கறப்ப மூச்ச அடக்க நாங்க கத்துக் குடுக்கறோம்! இந்த சீனுக்கு என்னோட தீர்ப்பு, புடுங்கிப் போட வேண்டியதுதான்!"

கண்ணைத் திறந்தபோது பாக்கியம் அத்தை எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பு இருந்த இடமே தெரியவில்லை.

"போதும்மா. மைக்கக் குடு." வாங்கிக்கொண்டவர், மைக் தன் வாய்க்கு நேராக இருப்பதைக் கவனிக்காமல் சொன்னார். "அந்தப் பொணம் எங்கண்ணன்."

'எங்கண்ணன்' என்பது பஸ் முழுக்க எதிரொலித்தது. டிரைவர், "யாரு?" என்றார். நான் "ஐயோ" என்றேன். அதுவும் மைக்கில் போனது.

முதல் இருக்கையில் அவர் திரும்பவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் மெதுவாகத் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தினேஷ் வந்து பக்கத்தில் விழுந்தான். "நாந்தான் பாக்காதன்னு சொன்னேன்ல?"

"பொணம்னு சொல்லலயே!"

"சர்ப்ரைஸ்னு சொன்னேன் லா! அவரு திரையில வர்றப்ப உன் மொகத்தப் பாக்கணும்னு அவருக்கு ஆச. யாரும் சொல்லக்கூடாதுன்னு தோட்டத்துக்கே உத்தரவு போட்டிருந்தாரு."

"அவருக்கு மீச இருக்கே! அந்தப் பொணத்துக்கு மீசயே இல்ல!"

"படத்துக்காக எடுத்தாரு, அப்புறம் வளத்துக்கிட்டாரு. அம்மா செத்தப்பகூட எடுக்காத மீச அது."

அதற்கப்புறம்தான் அவன் முழுவதையும் சொன்னான். பிணமாக நடிக்க யாருமே ஒத்துக்கொள்ளவில்லையாம். உயிரோடு இருக்கிற மனிதன் நெற்றியில் காசு வைத்துப் படுத்தால் ஆகாது என்று ஒவ்வொருவரும் நழுவியிருக்கிறார்கள். இயக்குநர் பையன் கோயில் வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது இவர் போய், "நான் படுக்கறேன்" என்றாராம். பாக்கியம் அத்தை அழுது ஆர்ப்பாட்டம் செய்து, நடித்து முடித்து வந்தவரை வாசலிலேயே நிறுத்தித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பூசணிக்காய் சுற்றி உடைத்துத்தான் வீட்டுக்குள் விட்டாராம். பையில் இருந்த மாலை படம் முடிந்து அவருக்குப் போடுவதற்காக வாங்கியது. மோதிரத்தைப் பற்றி நான் கேட்டேன். "எந்த மோதிரம்?" என்றான் தினேஷ்.

தியேட்டரில் என் இருக்கை அவருக்குப் பக்கத்தில். என் முகத்தைப் பார்ப்பதற்காக முன்கூட்டியே செய்த ஏற்பாடு. எண் போட்ட டிக்கெட், மாற்ற வழியில்லை. விளக்கு அணைந்தது. கதாநாயகன் பூ கொடுத்தான், அடித்தான், செம்பனை மரங்கள் வந்தன, போயின. யாருமே சிரிக்கவில்லை. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காட்சிக்காகக் காத்திருந்தார்கள்.

வந்தது. கூடத்தின் நடுவே அவர். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு, மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு. சேகர் அண்ணன் விசில் அடிப்பதாக இருந்தது, அடிக்கவில்லை. பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் கதாநாயகனை விட்டுவிட்டு அந்த வயிற்றையே பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஏறாதே, ஏறாதே.

ஏறியது. இறங்கியது. வெள்ளிக்கிழமை பார்த்ததைவிட நன்றாகவே ஏறி இறங்கியது. பின்வரிசையில் யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரிக்க, அது தீ மாதிரிப் பரவி, கதாநாயகன் கதறக் கதற மொத்தக் கூட்டமும் சிரித்தது. அங்கே கிடந்த பிணத்துக்குப் பதிலாக நான் கிடந்திருக்கலாம் என்று உண்மையிலேயே நினைத்தேன்.

அவர் திரையை நோக்கிக் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"ஏறுதா?"

"இல்ல அங்கிள். ஒண்ணும் தெரியல அங்கிள்."

"பொய் சொல்லாத."

படம் முடிந்து வெளியே வந்ததும் ஆளாளுக்கு அவரிடம் ஓடினார்கள். சிரித்ததற்குப் பரிகாரமாகப் பாராட்டு மழை. "சூப்பர்ணே!" "கலக்கிட்டீங்க!" "நெசப் பொணம் தோத்துச்சு போங்க!" அத்தை மாலையைப் போட்டார். அவர் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். "எந்த எடம் நல்லா இருந்துச்சு?" எல்லாமே நல்லா இருந்தது என்றார் ஒருவர். சேகர் அண்ணன் மட்டும் ஒரு படி மேலே போய், "நீங்க பேசின வசனம் இருக்கே, அதுதாண்ணே டாப்!" என்றார்.

பிணத்துக்கு வசனம் கிடையாது.

பக்கத்திலேயே ஒரு முஸ்லிம் உணவகத்தில் எல்லாரும் ரொட்டி சானாய்க்கு உட்கார்ந்தோம். நான் ஒரு தூணுக்குப் பின்னால் இடம் பார்த்து உட்கார்ந்தேன். எதிர் நாற்காலி இழுபட்டது. மாலையைக் கழற்றாமலேயே வந்து உட்கார்ந்தார். பின்னாலேயே பாக்கியம் அத்தை. தினேஷ் வந்து நின்றான். உட்காரத் தைரியம் வரவில்லை.

"அங்கிள், நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மூக்குல பஞ்ச வெச்சுட்டானுங்க. வாயக் கட்டிட்டானுங்க. நான் எந்தப் பக்கமா மூச்சு விடறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சிரித்தால் அதோடு முடிந்தது என்பதும் தெரிந்தது. கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டேன்.

"ரெண்டு நிமிசம் அடக்கினாப் போதும் தாத்தான்னான் டைரக்டர் பையன். அந்த ஹீரோ பய அழுகையே வராம எத்தன தடவ எடுத்தான் தெரியுமா? என் வயித்து மேலயே விழறான். எந்திரிக்கறான். மறுபடி விழறான். ஊதுபத்தி வேற மூஞ்சிகிட்ட. நான் பொணமா நடிக்கல, பொணமாவே ஆகிடுவேன் போல இருந்துச்சு."

பேசுகிறார்! நான்கு வார்த்தைக்குச் சம்பளம் கேட்கிறவர், மூச்சே விடாமல் பேசுகிறார். தினேஷ் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"பஞ்ச அவங்க மூக்குக்குள்ள வெக்கக் கூடாது அங்கிள்," என்றேன். வாய் தானாகத்தான் பேசியது, சத்தியமாக. "ஓரத்துல ஒட்டினாப் போதும். அப்புறம் வயித்துல மூச்சு விடக்கூடாது. நெஞ்சுல, மேலாப்ல விடணும். பல்லு புடுங்கறப்ப பயப்படற ஆளுங்களுக்கு நாங்க அப்படித்தான் சொல்லிக் குடுப்போம். வயிறு அசையவே அசையாது."

பாக்கியம் அத்தைக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் பேசுது பாருண்ணே! இந்த வாய வெச்சுக்கிட்டு நம்ம வீட்டுக்குள்ள வந்தா என்னா ஆவுறது?"

அவர் தங்கையைப் பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பாக்கியம், படத்துல என் நெத்தியில இருந்த காசு ஒரு தடவ வழுக்கி விழுந்துச்சு. பாத்தியா?"

அத்தை விழித்தார். "பாத்தேனே."

"விழல." பிறகு என்னைப் பார்த்தார். "இத்தன பேரு வந்தாங்க. அவ்வளவு பேரும் என்னையப் பாக்க வந்ததா சொன்னாங்க. இது சொன்ன வயித்தத் தவிர எவனும் எதையும் பாக்கல. சூப்பர்னு சொல்லிட்டுப் போறானுங்க. இந்தப் பொண்ணுக்கு நான் யாருன்னுகூடத் தெரியாது. அது ஹீரோவ விட்டுட்டு என்னைய மட்டும் பாத்திருக்கு." மாலையை ஓரமாகத் தள்ளினார். "மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. பஸ்ல எறங்கிப் போயிடலாமான்னு நெனச்சேன். ஆனா நம்ம வீட்ல சூப்பர்னு சொல்றதுக்கு ஏற்கனவே ரெண்டு பேரு இருக்கீங்க. மூணாவதா ஒண்ணு எதுக்கு?"

அத்தை ரொட்டியைப் பிய்த்தார்.

"அப்ப சரியாப்பா?" என்றான் தினேஷ், காற்றுப் போன குரலில்.

அவர் என் பக்கம் திரும்பினார். "அங்கிள் கிங்கிள்லாம் வேணாம்மா. மாமான்னு கூப்புடு," என்றார்.

நான் தே தாரிக் டீயில் கண்ணீர் விட்டேன். அவமானத்தில் பாதி, சந்தோஷத்தில் பாதி. பஸ் டிரைவர் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஓ, பொணம் இவர்தானா?" என்றார்.

அதன்பிறகு எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு வழக்கு உருவாகிவிட்டது. எதில் குறை இருந்தாலும் "மூச்சு இருக்கு" என்போம். பாக்கியம் அத்தை மீன் குழம்பு வைத்துவிட்டு, எல்லாரும் நல்லாயிருக்கு என்று சொன்ன பிறகும் கரண்டியோடு என் பக்கத்தில் வந்து நிற்பார். "மூச்சு இருக்கா, சொல்லிடு." புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தால் சொல்வேன். "இவ வாய்க்கு நாந்தான் கெடச்சேன்" என்று திட்டிக்கொண்டே போய்ச் சரிசெய்து கொண்டுவருவார். தினேஷ் கார் வாங்கப் போனபோது விற்பவர் அரைமணி நேரம் பேசினார். மாமா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து என் காதில், "மூச்சு விடுதும்மா, வேணாம்" என்றார். பிறகு இன்ஜினைத் திறந்தபோது அது உண்மையாகவே புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் எந்தப் படத்துக்குப் போய் வந்தாலும் மாமா கதையைக் கேட்பதில்லை. "பொணம் உண்டா?" என்பார். உண்டு என்றால்தான் உட்கார்வார். உலக சினிமாவில் யார் யார் எப்படிச் செத்தார்கள் என்று நாங்கள் இருவரும் பேச ஆரம்பித்தால் வீட்டில் மற்றவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

போன வருடம் அதே இயக்குநர் அடுத்த படத்துக்கு வந்து நின்றார். மறுபடியும் சாவு வீடு, மறுபடியும் ஆள் கிடைக்கவில்லை. மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "என் மருமக பக்கத்துல இருந்தாத்தான் நான் சாவேன்."

டாக்டரிடம் போய், "மாமா வெள்ளிக்கிழமை சாகறாரு டாக்டர், நான் கூட இருக்கணும்" என்று விடுமுறை கேட்டேன். பகாவுக்குப் போகிற வழியில் ஒரு பழைய வீட்டில் படப்பிடிப்பு. பஞ்சை மூக்கின் ஓரத்தில் நானே ஒட்டினேன். வாய்க்கட்டு கட்டினார்கள். என்னைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வேலை ஒன்றே ஒன்றுதான், வயிற்றைப் பார்ப்பது.

கூடத்தில் ஆளை வேக வைக்கிற சூடு. அழுகிறவர்கள் நன்றாக அழுதார்கள். நீளமான காட்சி. முடிந்ததும் இயக்குநர், "கட்! ஓகே! பிரமாதம்!" என்று கத்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். சாப்பாடு வந்து காத்துக்கொண்டிருந்தது; பாதிப் பேர் அதற்குள் எழுந்துவிட்டார்கள். மாமா எழுந்திருக்கவில்லை. ஒரே ஒரு கண்ணைத் திறந்தார். இயக்குநரைப் பார்க்கவில்லை, கைதட்டியவர்களையும் பார்க்கவில்லை. அந்த ஒற்றைக் கண் என்னைத் தேடிக்கொண்டு வந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பசியோடு பார்த்தார்கள்.

"மாமா," என்றேன். "கடைசியில கொஞ்சம் இருந்துச்சு."

இயக்குநர் தலையில் கைவைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாய்க்கட்டு இருந்ததால் மாமாவால் பேச முடியவில்லை. கட்டை விரலைத் தூக்கி எனக்குக் காட்டினார். பிறகு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டு, மிகுந்த நிம்மதியோடு, மறுபடியும் செத்தார்.